கரண்டி பிடித்தவளின் எடை

விராலிமலை
6-11-1955

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஐயனாருக்கு, உன் மாமன் அடைக்கலம், மலைமேல் இருக்கிற வேலவனைக் கடல் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டது. ஈப்போவில் நீயும் உன் கடை வேலையும் நலமா? இங்கே நானும் உன் ஆத்தாவும் இருக்கிறோம்.

முதலில் ஒன்று. இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்னாடியே சொன்னதுதான். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது எல்லோரும் அடைக்கலம் சொன்னது சரி என்கிறார்கள். ஆகவே உனக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புயலில் விழுந்த உங்கள் வீட்டுச் சுவரை எடுத்துக் கட்ட ஆளில்லாமல், போன வருஷம் உன் ஆத்தாவை நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் விடுதிக்கே கூட்டிவந்தது உனக்குத் தெரியும். என்னை இங்கே ஸ்டோர் கீப்பர் என்பார்கள். உண்மையில் விடுதியே என் தலையில்தான் நடக்கிறது. அரிசி அளந்து போடுவது நான், சாவிக்கொத்து என் இடுப்பில், மாதாமாதம் முதல் வெள்ளியன்று கிழடுகளை நிறுத்து நோட்டில் எழுதுவதும் நான். வேறு யாருக்குத் தராசு தெரியும்? புதுக்கோட்டை மண்டியில் முப்பது வருஷம் கடலை மூட்டை நிறுத்த கை இது. பழைய மண்டித் தராசு ஒன்றை வாங்கி உத்தரத்தில் மாட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் எடைக்கல், மறுபக்கம் கயிற்றில் பலகை. கிழவிகள் ஊஞ்சலில் ஏறுகிற மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு ஏறுவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிசகு நடந்தது. மழைக்காலத்தில் மண்டியில் ஈரக்கழிவு என்று மூட்டைக்கு இரண்டு ராத்தல் கழித்துத்தான் எழுதுவோம். அந்தக் கைப்பழக்கத்தில் போன ஐப்பசியில் ஆளுக்கும் இரண்டு ராத்தல் கழித்துவிட்டேன். மறுநாள் திருச்சியிலிருந்து வந்த டாக்டரம்மா நோட்டைப் பார்த்துப் பதறிப்போய், முப்பத்தொரு பேரும் ஒரே மாதத்தில் இளைத்துவிட்டார்களா என்று ஆளுக்கு ஒரு உழக்குப் பாலும் ஒரு முட்டையும் எழுதிவிட்டார். விஷயம் தெரிந்ததும் என்னை என்ன சொன்னார் என்று எழுத இந்தக் காகிதத்தில் இடமில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் எல்லோருக்கும் கன்னத்தில் சதை வைத்ததே, அது யாரால்?

பால் நின்றது. தை மாதத்திலிருந்து நிஜமாகவே இளைக்க ஆரம்பித்தார்கள். சோற்றுக்குக் குறைவில்லை மாப்பிள்ளை. வைத்தது வைத்தபடி திரும்பிப் போகும். கொல்லையில் மேய வருகிற மயில்கள்தான் கொழுத்தன. டாக்டரம்மா ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். வயிற்றில் நோவில்லை, காய்ச்சலில்லை. பல்லில்லாதவளுக்குக் குழைத்துக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். மாதம் ஐந்து ராத்தல் குறைந்தவர்களுக்கு மட்டும் பாலும் முட்டையும், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஒரு ஆயாவும் என்று சட்டம் போட்டார். அப்படியும் தராசில் பலகைதான் மேலே போனது.

நான் ஸ்டோர் வாசலில் நின்று பந்தியைப் பார்ப்பேன். உன் ஆத்தா இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள். நிறுக்கும் நாளில் கேட்டேன். "என் முன்னாடி எலையைப் போட்டுட்டு எல்லாரும் நிக்கிறாங்கடா. யாருக்கும் ஒரு கை போடாம எனக்கு வாய் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு மின்னல் அடித்தது. இந்தக் கிழவிகள் ஆயுசு பூராவும் அடுத்தவனுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் தின்றவர்கள். கரண்டியை என் அக்கா பிச்சையம்மாளிடம் கொடுங்கள், பந்தியே சாப்பிடும் என்று சொன்னேன். சமையல்காரன் ஒப்பவில்லை. கெழவிக்குக் கை நடுங்குது, கொதிக்கிற கொழம்பை எவ மடியில ஊத்துமோ என்றான். டாக்டரம்மாவிடம் நேரே போய் இங்கிலீஷிலேயே பேசினேன். அவர் தமிழில் பதில் சொன்னாலும் சம்மதித்துவிட்டார். சோறும் ரசமும் மட்டும், சின்னக் கரண்டியில்.

சித்திரையில் உன் ஆத்தா கரண்டி பிடித்தாள். அந்தப் பந்தியை நீ பார்த்திருக்க வேண்டும். பல்லே இல்லாத சொர்ணத்துக்குச் சோற்றை ரசத்தில் மசித்து, பேச்சுக் கொடுத்தபடி கால் மணி நேரம் நிற்பாள். ஜன்னத் பீவி கட்டுமாவடிக்காரி, மீன் இல்லாமல் சோறு இறங்காது. அவளிடம், "ஒங்க ஊரு மீனு பஸ்ஸைத் தவற விட்டுருச்சாம். நாளைக்கு வந்துரும், இன்னைக்கு இதைத் தின்னுட்டு இரு" என்பாள். அந்த மீன் ஆறு மாதமாக பஸ்ஸைத் தவற விடுகிறது, ஜன்னத் பீவியும் சிரித்துக்கொண்டே தின்கிறாள். வாயை மூடிக்கொள்ளும் மீனம்மாள் முன்னால் அசையாமல் நிற்பாள். நீ தின்னாத்தான் அடுத்த எலைக்குப் போவேன், பின்னாடி இருக்கவளுக பசி ஒன் தலையில என்பாள்.

பலன் கேள். சொர்ணம் ஆறு ராத்தல் ஏறினாள். ஜன்னத் பீவி ஒன்பது. மீனம்மாளுக்குப் பழைய ரவிக்கை சேரவில்லை. உன் ஆத்தா வந்தபோது தொண்ணூற்றிரண்டு, இப்போது தொண்ணூற்று நாலு. நேற்று டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் செய்யாததை நீங்கள் செய்துவிட்டீர்கள் அடைக்கலம் என்றார். மதராஸிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து இதைப் பார்க்கப் போவதாக ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சைக் கிளப்பினது நான்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

மற்றபடி இங்கே மழை பரவாயில்லை. மதுரை பஸ் இப்போது நம் வாசலில் நிற்கிறது. இறங்குகிறவர்கள் எல்லோரும் மலைக்குப் போய்விடுகிறார்கள், உள்ளே வருகிறவர் இல்லை. உன் மாமி போன பிறகு எனக்கும் ஸ்டோர் மூட்டைகளோடுதான் பேச்சு. பெண்கள் கட்டுக்கு ஆண்கள் போகக் கூடாது என்பதால் உன் ஆத்தாவோடு பேசுவது நிறுக்கும் வெள்ளி ஒன்றில்தான். கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றி, கையைப் பிடித்து இறக்கிவிடுவேன். அவ்வளவு. ஆடியில் வந்த உன் கடிதத்தை அதற்குப் பிறகு வந்த எல்லா வெள்ளியும் படித்துக் காட்டினேன். சின்னக் கடிதமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துப் படித்தேன். இப்போது அது நல்ல நீளமாகிவிட்டது. ஆனாலும் புதிதாக ஒன்று நீ எழுதினால் நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டுக் காகிதத்தை ஒட்டப் போனேன், கை வரவில்லை. இதில் ஒன்று நான் இட்டுக்கட்டியது மாப்பிள்ளை. தொண்ணூற்று நாலு என்பது பொய்.

பரிமாறுகிறவள் கடைசியில் உட்காருவாள் என்று நினைத்தேன். உட்காருவதற்குள் தன் பங்கையும் கேட்டவளுக்குக் கேட்டவளுக்குப் போட்டுவிடுகிறாள். பானையில் ஒட்டினதைச் சுரண்டித் தண்ணீர் விட்டுக் குடிக்கிறாள். ஸ்டோர் வாசலில் நின்று இதையும் பார்த்தேன். பார்த்தும் என் யோசனை தோற்றது என்று சொல்ல வாய் வரவில்லை. வைகாசியிலிருந்து அவள் எடையை மட்டும் கூட்டியே எழுதி வந்தேன்.

நேற்று முன்தினம் வெள்ளி. உன் ஆத்தாவைப் பலகையில் ஏற்றினேன், பலகை கீழே இறங்கவே இல்லை. பின்னால் மீனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல் பலகையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்தினேன். உன் ஆத்தா குனிந்து என் காலைப் பார்த்தாள். "ஏன்டா, மண்டியிலயும் இப்படித்தான் நிறுத்தியா" என்றாள். பிறகு மெதுவாக, "எழுதிக்க. தெரிஞ்சா கரண்டியைப் புடுங்கிருவாங்க" என்றாள்.

காலை எடுத்தபோது தராசு காட்டினது எழுபத்தொன்று. நான் எழுதின பொய்யால் அவளுக்குப் பாலும் இல்லை, முட்டையும் இல்லை, பக்கத்தில் உட்கார ஆயாவும் இல்லை.

நாளைக் காலை மேனேஜரிடம் நோட்டை நீட்டி, டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லப் போகிறேன். என்ன சொல்வார்களோ சொல்லட்டும். மத்தியானம் சட்டத்தைப் பார்க்காமல் பந்திக்குள் போய் அவளை உட்காரவைத்து நானே பரிமாறப் போகிறேன். எவ்வளவு போடுவது, எதை முதலில் போடுவது என்று இப்போது யோசித்தால் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாளும் நான் அவளுக்குப் போட்டதில்லை. நீயும் போட்டதில்லை. கரண்டியை விடச் சொல்லித் தம்பி சொன்னால் கேட்க மாட்டாள், மகன் சொன்னால் கேட்பாள். கப்பல் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால், முன்னாடி சாப்பிடு ஆத்தா என்று ஒரு வரி உன் கையால் எழுது. அதில் நான் எதையும் சேர்க்காமல் படிக்கிறேன்.

நீ நூறு வயது இருந்து வயிறார உண்ண வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் மாமன்
அடைக்கலம்.

எழுபத்தொன்று. கழிவு போடாத எடை.