டயரில் எலுமிச்சை விதை

ஜூன் 12, வியாழன்

பாலைவனப் பயணத்துக்கான என் மோட்டார் சைக்கிள் நாளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறது. மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்கள். மூன்று நாளாகப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அந்த விதியை என் மனைவி கலாவிடம் வாசித்தும் காட்டியிருந்தேன்.

மாலையில் அவளே இரண்டு எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்து, "ஏத்துங்க" என்றாள். யோசிக்காமல் ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் எந்த வண்டியும் பழம் நசுக்காமல் இந்தக் கோப்பெங் ஊரைத் தாண்டியதில்லை.

"ஐயோ, கழுவணும்லா" என்றேன்.

"சாமி கும்பிட்டதைக் கழுவக் கூடாது. ஆளே இல்லாத காட்டுக்குப் போறீங்க."

"காடு இல்ல, பாலைவனம்."

"அப்ப இன்னும் மோசம்லா."

போகாதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பழத்தை என்னைக் காப்பாற்றுவதற்காக வைத்தாளா, வண்டி போகாமல் நிறுத்துவதற்காக வைத்தாளா? இரண்டுமாகவும் இருக்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.

அவள் குளிக்கப் போனபோது டயரைக் கழுவினேன். கடைசியாக வந்த ஒரு விதையை எறிய மனம் வரவில்லை. பயண ஜாக்கெட் பையில் போட்டுவிட்டேன்.

அந்த ஜாக்கெட்டோடுதான் நான் அங்கே போய் இறங்க வேண்டும்.