அத்தாவின் லென்ஸ், அம்மாவின் கண்

விருத்தாசலம்
19.1.2025

அன்புள்ள அஜீஸா,

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழத் தொடங்குவாய், எனக்கும் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தெரு ஷபியுல்லா அண்ணன் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹமீத் அண்ணனுக்கும் சபாவுக்கும் என் அன்பு. சபாவின் பரீட்சை முடிகிறவரை இங்கே நடந்த எதுவும் உன் காதுக்குப் போகக் கூடாது என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். கட்டுப் பிரிக்கும்வரைதான் என்னால் பொறுக்க முடிந்தது.

முதலில் அந்த லென்ஸுக்கு நன்றி. உன் அத்தா காலமான பிறகு மங்கலம்பேட்டை வீட்டு பீரோவில் சும்மா கிடந்ததை எனக்குக் கொடுக்கச் சொன்னவள் நீ. தொழிற்பேட்டையில் செய்யும் பொம்மைகளையும் ஜாடிகளையும் ஆன்லைனில் விற்பதற்காகப் படம் பிடித்துத் தருவதுதான் இப்போது என் பிழைப்பு. ஆனால் என் புதுக் கேமராவோடு வந்த லென்ஸுக்கு வெள்ளைப் பீங்கான் என்றாலே ஆகாது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் பின்னாலிருக்கும் சுவரைத் தெளிவாக்கிவிட்டு நிற்கும். அத்தாவின் லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை. வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவே அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். நடுவே ஒரு அடாப்டர் போட்டு மாட்டினேன். கேமரா படமே எடுக்கவில்லை. லென்ஸ் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. கெட்டுப்போன லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று நான் விழிக்க, மூஞ்சிக்கு முன்னால இவ்ளோ பெருசா உக்காந்திருக்குது, இல்லேங்குதா, இதுக்கா இவ்ளோ காசு குடுத்தே என்று அம்மா கேட்டார்கள். பழைய லென்ஸ் மாட்டியிருப்பது புதுக் கேமராவுக்குத் தெரியாதாம். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று அதற்குள் ஓரிடத்தில் மாற்றிவைக்க வேண்டுமாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அதன் பிறகு செவ்வாய்தோறும் அம்மா என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நான் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவேன், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வளையத்தைத் திருப்புவார்கள். ஒங்க அத்தா இருந்திருந்தா இந்நேரம் என்னைய வெரட்டியிருப்பாரு, ஒரு நாளு தொட வுட்டிருப்பாரா என்று சிரிப்பார்கள். கையால் திருப்பும்போது எந்த இடம் தெளிவாகிறதோ அதன் ஓரத்தில் திரையில் சிவப்புக் கோடு மின்னும்படி ஒரு வசதி இருக்கிறது. அதைப் பார்த்துத் திருப்பினால் போதும் என்று சொல்லியிருந்தேன். எடுத்த படங்கள் எல்லாமே கண்ணாடி போல வந்தன. இந்த வயதிலும் அம்மாவுக்கு என்ன பார்வை என்று இவரிடம்கூடச் சொல்லி வியந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு யூனிட்டிலிருந்து சிவப்பு மெருகு பூசிய ஜாடிகள் வந்தன. சிவப்பின் மேல் சிவப்புக் கோடு குழப்புகிறதே என்று கோட்டை அணைத்துவிட்டேன். அம்மா வழக்கம்போலத் திருப்பி நிறுத்தி, ம், எடு என்றார்கள். திரையைப் பார்த்தேன். ஜாடி வெயிலில் உருகியது போலக் கிடந்தது. நல்லா இருக்குதாம்மா என்று கேட்டேன். ஜோரா இருக்குது என்றார்கள். படம் எடுக்கும் சத்தம் கேட்கவில்லை என்றதும், அந்தக் கோடு எங்கடி போச்சு என்று மெதுவாகக் கேட்டார்கள்.

அவர்களுக்கு ஜாடியும் தெரியவில்லை, பொம்மையும் தெரியவில்லை, அஜீஸா. மூட்டத்துக்குள் அந்தச் சிவப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பஸ் எது என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் ஏறியிருக்கிறார்கள். வீடியோவில் வரும்போதெல்லாம் எல்லாரையும், என்னா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க என்பார்களே, அது யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. ஹமீத் அண்ணனிடம் சொல்லிவிடாதே, பாவம், நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போட்டேன். சொன்னா அவ வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவா, புள்ள படிப்பு கெட்டுடும் என்றார்கள். ஆபரேஷன் என்றதும் மங்கலம்பேட்டைக்கே போய்விட்டார்கள். நானும் இவருமாகப் போய்க் கெஞ்சிப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நன்றாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்து, ஒனக்கு எப்படி இவ்ளோ நரை வந்துச்சு என்றுதான் முதலில் கேட்டார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

இடது கண்ணைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். அதில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். வலது கண்ணிலும் அழுத்தம் தொடங்கியிருக்கிறது. தவறாமல் சொட்டு மருந்து விட்டு, மாதாமாதம் காட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றும் சொன்னார். காலையிலும் இரவிலும் மருந்தை நான்தான் விடுகிறேன். இப்போதைக்கு என்னுடனேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்வது எனக்குப் பாரமில்லை. அம்மா இல்லாத எனக்கு இது கிடைத்ததே என்றுதான் தோன்றுகிறது. நீ அந்த லென்ஸைக் கொடுக்கச் சொல்லாவிட்டால் அவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் வந்திருக்க மாட்டார்கள், எனக்கும் தெரிந்திருக்காது. இதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதே கிளம்பிவிடாதே. சபா பரீட்சையை எழுதி முடிக்கட்டும். முடித்த மறுவாரமே அவளையும் அழைத்துக்கொண்டு வா. ஏன் சொல்லவில்லை என்று வந்ததும் அம்மாவைத் திட்டாதே. பெட்டியெல்லாம் அப்படியே கிடக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் அவர்கள் எதிரே உட்காருங்கள். அவர்களாக முகத்தைத் திருப்பும்வரை எழுந்துவிடாதீர்கள். ஆசைதீரப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன்,
அன்புக்கரசி