கட்டிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், கை வரவில்லை, அதை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும், உடம்பில் ஒவ்வொன்றாகப் போன பிறகும் அவருக்கு அந்தக் காது மட்டும் அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டியை ஜாக்கில் தூக்கிவைத்து நீ கீழே படுத்திருக்கிறாய், கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிகிறது, அதற்கு ஒரு பெருமை வேறு. எடுத்துக்கொடுத்த புண்ணியவான் யாரோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். அப்பாவிடம் காட்டினேன். பெரிதாக்கச் சொல்லி மூலைமூலையாகப் பார்த்தார். "ஸ்டாண்டு எங்கடி வச்சிருக்கா?" என்றார். படத்தில் ஸ்டாண்டே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நம் வீட்டு ஸ்டாண்டு இரண்டும், தூக்கிய வண்டியைத் தாங்கும் அந்த இரும்புக் கால்கள், இப்போது எங்கே இருக்கின்றன என்று உனக்குத் தெரியாது. அப்பா கட்டிலின் தலைமாட்டுக்கு அடியில். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது, மட்டமாகப் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம், சரிந்து சரிந்து கால்மாட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் பக்கத்து வீட்டு வெல்டர்தான் கட்டிலைத் தூக்கிப் பிடித்தார், நான் ஸ்டாண்டுகளைத் தள்ளினேன், கட்டிலின் இரும்புச் சட்டம் அவற்றின் தலையில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. "முப்பது வருஷம் நான் வண்டிக்கு அடியில கிடந்தேன், இப்ப வண்டி ஸ்டாண்டு எனக்கு அடியில கிடக்குது" என்று அப்பா சிரித்தார். அவர் கடைசியாகச் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீர் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போவோம், நம் மூத்தவளில்தான். (நீ பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி என்பதால் அவர் இன்னும் அவளை அப்படித்தான் சொல்கிறார், நீ இளையவளாம்.) வாடகை வண்டியில் அவரால் உட்கார முடியாது. மூத்தவளின் முன்சீட்டுக்கு நான் ஒரு சாய்மெத்தை தைத்திருக்கிறேன், இத்தனை காலம் ஊரார் வண்டிக்கெல்லாம் சீட் கவர் தைத்த கைக்கு உருப்படியாக ஒரு வேலை, அதில் சாய்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். போன மாதம் ஒரு வியாழன் திரும்பி வரும்போது சைலன்சர் அறுந்து ரோட்டில் இழுபட ஆரம்பித்துவிட்டது, தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் அந்த நெஞ்சு பொறுக்குமா. அதனால் புதன்கிழமை காலை, கம்பியை வைத்து நானே கட்டிவிடலாம் என்று கிளம்பினேன். நான் வண்டியின் மேல்பாதி மட்டும் தெரிந்தவள் என்பதை மறந்துவிட்டேன்.

அப்பா ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டாண்டு இரண்டையும் உருவிக்கொண்டு போ, அரை மணி நேரம் மட்டமாகப் படுத்திருப்பேன் என்றார். மட்டமாகப் படுத்தால் ஐந்து நிமிஷத்தில் அவர் உதடு நீலமாகிவிடும், அது எனக்குத் தெரியும். வெல்டரிடம் இரவல் வாங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். வெல்டர் வேலைக்குப் போயிருந்தார். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, பின்சுவர் கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்களைத்தான் அடியில் அடுக்கியிருந்தேன். "ஸ்டாண்டை ஒரு தட்டு தட்டு, கேக்கறேன்" என்றார். ஸ்பேனரால் கேட் கம்பியைத் தட்டினேன். "முன்சக்கரம் உருளாம கட்டை கொடுத்தியா?" என்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருந்தேன், அது போதாதா என்று நினைத்து, கொடுத்தேன் என்றேன். ஒரே காலையில் மூன்று பொய். பிறகு கீழே போய்ப் படுத்தேன். பாதிக் கம்பி சுற்றியிருப்பேன், வீட்டுக்குள் தொப்பென்று ஒரு சத்தம். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது, முழங்கை தோல் எல்லாம் உரிந்திருந்தது. சமையலறை வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குப் பின்னால் இன்னொரு சத்தம்.

அப்பா தரையில் கிடந்தார். ஒரு கை கட்டிலுக்கு அடியில், ஸ்டாண்டின் காலைப் பிடித்தபடி. அதை உருவி எனக்குக் கொண்டுவருவதற்காக இறங்கியிருக்கிறார், தானாக எழுந்து நின்று இரண்டு மாதம் ஆன மனுஷன். மூச்சு வாங்கி வாங்கி, "கேட் சத்தத்துக்கும் ஸ்டாண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு நினைச்சியாடி" என்றார். வாசலில் வண்டி ஒரு சாண் உருண்டு, கற்கள் பொடிப்பொடியாகி, மூத்தவள் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். நான் வைத்திருந்த டார்ச் லைட் தகடாகிக் கிடந்தது. அவர் விழாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உனக்கு யார் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்.

அதற்குப் பிறகு அவர் தேறவில்லை. மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். விலாவில் அடி, ஆனால் அதனால் இல்லை, எப்படியும் இந்த நிலைக்குத்தான் வந்திருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொல்வது எனக்குத் தெரியாதா. இனிமேல் வியாழக்கிழமை கூட்டிவர வேண்டாம், அலைச்சல்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார். சைலன்சரை வெல்டர் ஒட்டிக் கொடுத்துவிட்டார். மூத்தவள் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறாள், போவதற்குத்தான் இடமில்லை. தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன், அவர் கேட்பதற்காக. உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. அந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் கைக்கு வராமல் நீ அங்கிருந்து கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று அவருக்கும் தெரியும், "கூப்பிடாதே" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அவர் சொல்லச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொள். ஜாக் தூக்கத்தான், தாங்க இல்லை. மண்ணிலும் சரிவிலும் தூக்காதே, சிமென்ட் தரையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும் சக்கரமே அந்தரத்தில் இருக்கிறது, அதனால் பிரயோஜனம் இல்லை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. வண்டிப் புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து ஜாக்கை இறக்கு, பாரம் முழுக்க ஸ்டாண்டு மேல் உட்காரட்டும். பிறகு கையால் நன்றாக ஆட்டிப் பார், ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வை. கல்லை மட்டும் நம்பாதே, "மரம் முறியறதுக்கு முன்னாடி கத்தும், கல்லு சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும்" என்கிறார். யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் கீழே போக வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு பகல் பிடித்தது, நடுநடுவே நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உனக்கு அவர் சொத்து என்று வைத்திருப்பது இதுதான் என்று நினைத்துக்கொள்.

நூறு வயசு நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, எனக்காக அழாதே, நான் அழுவது போதும். நேற்று மத்தியானம் கண்ணை மூடியபடியே, "இந்த ஸ்டாண்டு ரெண்டையும் அப்புறமா அவளுக்கு அனுப்பிடு" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். அது நான்காவது பொய், அவர் தலைமாட்டுக்கு அடியிலிருந்து அவற்றை உருவ எனக்கு மனசு வராது. இவற்றுக்காக நீ காத்திருக்காதே மகளே, இந்த வாரமே கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா