அலமாரிச் சாவி இனி என்னிடம் இல்லை

அன்புள்ள அத்தைக்கு உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி இப்போது தேவலையா? மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் டாக்டர் உரிமம் தப்பியது. விலங்குகளுக்கான வலி ஊசியை எனக்கே போட்டுக்கொண்டதை மறைக்காமல் சொல்லிச் சிகிச்சையில் சேர்ந்ததால், கண்காணிப்போடு வேலை பார்க்கலாம் என்று கால்நடை மருத்துவக் கவுன்சில் சொல்லிவிட்டது. அந்த ஊசி இருக்கும் அலமாரியின் சாவி மட்டும் இனி நர்ஸம்மாவிடம்தான்.

திடீரென்று கூப்பிட்டுச் சிறுநீர் பரிசோதிக்கிறார்கள். நேற்று கப்பும் கையுமாக நான் கூசி நிற்க, காவலுக்கு நின்ற ஊழியரம்மா, "ஏன் டாக்டர், நீங்க பிடிக்கிறப்ப நாய் வெக்கப்பட்டுச்சா?" என்றார். சிரித்த சிரிப்பில் காரியம் முடிந்தது.

மத்தியானம் ஒரு பூனைக்கு ஆபரேஷன் செய்தேன். நர்ஸம்மா மருந்தை அளந்து கொடுத்து, மிச்சத்தை என் கண்முன்னே கொட்டினார். கை நடுங்கவில்லை அத்தை. பூனை விழித்ததும் என்னைத்தான் பிறாண்டியது. அவ்வளவு நன்றாக இருக்கிறது.

இங்கே மேசை துடைக்கத் துணி இல்லை. உங்களிடம் இருக்கும் என் பாப்பாவுக்குச் சின்னதாகிவிட்ட சட்டை ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

வாசலில் வண்டி ஹாரன் அடிக்கிறது. கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் லீவில் வரும்போது உங்கள் வலி மாத்திரைகளைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மாமியார் கொடுமை என்று யாராவது சொன்னால், மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டது என்று சொல்லுங்கள்.