அம்மாச்சி சொல்லாமல் விட்டது

நாகமலை புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதுவது. டப்ளினில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம். என்னைப் பற்றியும் அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை. போன வாரம் வீடியோவில் பார்த்துவிட்டு ஏம்மா முகம் வாடிக் கிடக்கு என்று கேட்டாயே, தூக்கமில்லை என்றேன், அது பொய். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், அப்பா இதை போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவார். பதறாமல் முழுக்கப் படி.

உன் அம்மாச்சி எதனால் இறந்தாள் என்று உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை. நீ அப்போது எட்டாவது படித்தாய், காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். அவளுக்கு மார்பில் கட்டி இருந்தது. பதினோரு மாதம் ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. உன் மருது மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், கல்யாணம் முடியட்டும் என்று இருந்திருக்கிறாள். அது முடிந்ததும் நெல் அறுப்பு, ஆட்களுக்குச் சோறாக்க வேண்டும். அப்புறம் எருமை கன்று போட்டது, அது அவளைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. ஒரு கையைத் தூக்க முடியாமலேயே அம்புட்டு வேலையும் பார்த்திருக்கிறாள், நாங்கள் தோள்வலி என்று தைலம் வாங்கிக் கொடுத்தோம். ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவளுக்கு உடம்பு துடைத்துவிடப் போனபோதுதான் பார்த்தேன். ஏம்மா சொல்லல என்று கத்தினேன். வீட்டுல நல்ல காரியம் நடக்கையில இதைப் போயி எப்படித் தாயி சொல்றது, எல்லாரும் கலங்கிப் போயிருவீகள்ல என்றாள். ஆஸ்பத்திரியில் முற்றிவிட்டது என்றார்கள். நாலு மாதம்கூட இருக்கவில்லை. இழவுக்கு வந்தவர்கள் எல்லாம் குடும்பத்துக்குன்னே வாழ்ந்த மகராசி என்றார்கள், எனக்கும் அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ரோகிணி, போன மாதம் குளிக்கும்போது எனக்கும் மார்பில் அப்படி ஒன்று கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம், சுண்டைக்காய் அளவு. இருபத்தாறு நாள் நானும் சொல்லவில்லை. புது வேலையில் சேர்ந்திருக்கிற பிள்ளையை இந்த நேரத்தில் ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, எங்கம்மா சொன்னதைத்தானே நானும் சொல்லிக்கொள்கிறேன் என்று பட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு வண்டியை எடுத்தார். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியில் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று ரிசல்ட் வந்தது. அதே நோய்தான். ஆனால் சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, சரி பண்ணிடலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வெந்நீர் போட எழுந்தால்கூட அப்பா பின்னாலேயே வந்து நிற்கிறார், அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, அது வேறு கவலை. அம்மாச்சிக்கும் எனக்கும் வந்திருப்பதால் உன்னையும் அங்கேயே டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. வெட்கப்படாதே, வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. நேற்று மருது மாமா வந்து, பிள்ளைக்கு இப்ப சொல்லாதக்கா, அங்கன தனியா இருக்கா, எல்லாம் முடியட்டும் என்றான். முடியாது என்றேன். அம்மாச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வாரேன் என்றால், உன் பரீட்சையைச் சொல்லி வராத என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் நான் போய்ச் சேரும்போது அவளுக்கு நினைவில்லை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லீவு கேட்டுப் பார். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். வா தாயி.

அழகர் உனக்குத் துணை இருப்பார், நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். உனக்கு டாக்டரைப் பார்க்க எந்தத் தேதி கிடைத்தது என்று மட்டும் உடனே மெசேஜ் போடு.

உன் அம்மா,
கனகலட்சுமி.