கிளட்ச் இல்லாத லாரி

மாப்ள,

இன்று காலை செங்கல்பட்டு ஷெட்டுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. கியர் தானாக மாறும் ரகம். அடித்தட்டைக் கழற்றியதும் சிவப்பு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அச்சரப்பாக்கத்து விபத்தில் உன் இடது காலை எடுத்தபோது நீ அழுதது காலுக்காக இல்லை, அந்தக் காலால் மிதிக்கும் கிளட்சுக்காக. "ரெண்டும் போயிருந்தா சோறு போடுன்னு குந்திகினு இருப்பேன் மச்சான். பிரேக்கு காலு சும்மா கீதே" என்றாய். குந்தியிருந்த எட்டு மாதமும் என் தங்கை மேல் எரிந்து விழுந்தாய். சோற்றுத் தட்டைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தாய். உன்னை மறுபடி ஸ்டீரிங் முன்னால் உட்கார வைக்காவிட்டால் அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன். அதனால்தான், உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய கிரேனிலிருந்து, கிளட்சே தேவைப்படாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கினேன். உன் மேல் இருந்த பாசத்தால் என்று நினைக்காதே.

உன் லாரிக்கு அது லேசில் பொருந்தவில்லை. இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே வைக்கத் தட்டு கடைந்தேன். பின்னால் போகும் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கினேன். கடைசியில், லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி ஒன்றுதான் பாக்கி. அதன் நீளம் கொஞ்சம் தவறியிருந்தது. லீவர் நியூட்ரலில் நிற்கும், உள்ளே பாதி கியர் விழுந்திருக்கும். எண்ணெய் ஆறியிருக்கும்வரை தெரியாது. சூடேறினால் வண்டி மெல்ல முன்னால் நகரும். ஷெட்டிலேயே ஒரு தடவை நகர்ந்தது. நான் பார்த்தேன்.

ஸ்பானரோடு குனியப் போனேன். அப்போதுதான் எல்லார் முன்னாலும் கத்தினாய்: "ஆறு மாசமா குடைஞ்சிகினு கீற. நீ இன்னா மெக்கானிக்கா, பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பு எடுக்கறவனா?"

ஷெட்டே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்பானரை வீசிவிட்டு, "எடுத்துகினு போ. எங்க நிறுத்தினாலும் எறங்கி சக்கரத்துக்குக் கட்டை போடு. மீதிய நாளிக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அந்தக் கம்பிக்குத் தேவைப்பட்டது இரண்டு திருகு.

நீ யார் பேச்சையும் கேட்காதவன். டிரைவர் இறங்கிக் கட்டை போடுவதா என்று இருபது வருடம் கேலி பேசியவன். அன்று மட்டும் கேட்டாய். மாமல்லபுரத்தில் மீன் ஏற்றும் இடத்தில் ஐஸ் இறக்க நிறுத்தினாய். பேட்டரி பழசு, ஆட்டோமேட்டிக் ஆனபின் இந்த வண்டியைத் தள்ளியும் கிளப்ப முடியாது. அதனால் இன்ஜினை அணைக்கவில்லை. உன் லாரியில் கைப்பிரேக் எந்தக் காலத்தில் பிடித்தது? ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, முன்சக்கரத்துக்கு எதிரே குந்திக் கட்டையை நீட்டினாய். லாரி நகர்ந்தது. இரண்டு கால் உள்ளவன் துள்ளி ஒதுங்கியிருப்பான்.

ஐஸ் இறக்கியவர்கள் போனில் சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ இன்ஜினை அணைத்திருந்தார்கள். லீவர் நியூட்ரலில்தான் நின்றது. உன்னை வெளியே இழுக்க எல்லாரும் குனிந்திருந்த நேரத்தில், நான் மேலே ஏறி அதை ஒரு படி கீழே, கியருக்குத் தள்ளினேன். மறுநாள் வண்டியைச் சோதிக்கும் அதிகாரி வந்து பார்ப்பதற்குள் கம்பியையும் இரண்டு திருகு திருகிவிட்டேன். பழக்கமில்லாத வண்டி, கியரில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார் என்று அவர் எழுதிக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

உன் நினைவு நாளில் படைத்துவிட்டு, முதல் இலையை என் தங்கை எனக்குத்தான் போடுவாள். போன வாரமும் போட்டாள். உன் படத்தைப் பார்த்து, "எங்கண்ணன் ஆறு மாசம் கஷ்டப்பட்டு ஒனக்குக் காலு குட்த்தான்யா. ஒரு லீவர ஒழுங்கா போட்டியா நீ?" என்று திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ துன்னுண்ணா. அந்தாளு எப்பவும் அப்டித்தான்" என்றாள்.

தின்றேன் மாப்ள. இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கித் தின்றேன்.