பிளக்குக்குப் பூசிய சந்தனம்

குன்னூர்
18-10-64

அன்புள்ள நீலாவதிக்கு,

சம்பந்தம் எழுதுவது. இங்கே நான் சுகம், குளிர்தான் கொஞ்சம் அதிகம். நைனாவுக்கு இருமல் விட்டதா? கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்தாயிற்றா?

ஒரு வேடிக்கை கேள். ஆயுத பூஜைக்கு முதலாளியின் பழைய சின்னக் காருக்கு நம் ஊர் வழக்கப்படி சந்தனம், குங்குமம் வைத்தேன். பக்தி மிஞ்சிப்போய், பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற நாலு பிளக்குக்கும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டேன். செஞ்சி வெயிலாக இருந்தால் உடனே காய்ந்து உதிர்ந்திருக்கும். இந்தக் குளிரில் ஈரம் அப்படியே நின்று, மறுநாள் காலையில் வண்டி கிளம்பவே இல்லை. "கிழட்டு வண்டி, வித்துடலாம்" என்றார் முதலாளி. வண்டி போனால் டிரைவர் எதற்கு?

நான் விடவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கரியைச் சுரண்டி மாட்டினேன். "தாயே அங்காளம்மா, கெளப்பி வுடு" என்று வண்டி மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. இனி வாரம் தவறாமல் ஆயில், பேட்டரித் தண்ணீர், பிளக் எல்லாவற்றையும் பார்ப்பேன். இந்த வண்டியை நிற்க விடமாட்டேன். "முடியலன்னா வந்துடுங்க, கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம்" என்று பஸ் ஏறும்போது சொன்னாயே, அதற்கு இன்னும் வேளை வரவில்லை.

முதலாளி ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. அம்மா கேட்டால் கார் துடைக்க என்று சொல். துடைக்கிற துணி இங்கே நிறைய இருக்கிறது.

உன்
சம்பந்தம்